கறளும் உப்பும் நிறமும்: தீவகத்தில் கார் பெயின்ற் வேலைக்குக் கணக்குப் போடுதல்

காருக்குப் புதிதாகப் பெயின்ற் அடிக்க நினைப்பவர் கராச்சில் கேட்கும் முதல் கேள்வி, "முழுதாக அடிக்க எவ்வளவு வரும்?" என்பதுதான். பெயின்ற் பாஸ் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, பொனற்றை விரலால் தட்டிப் பார்த்து, ஒரு தொகை சொல்லுவார். கொஞ்சம் பேரம் நடக்கும், முற்பணம் கைமாறும். இந்த முறையை நம்ப முடியாது என்பதற்கு ஒரே காரணம் போதும். பழைய பெயின்றுக்கும் புட்டிக்கும் கீழே என்ன இருக்கிறது என்பது தொகை சொன்னவருக்கும் தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது. யாழ் நகரிலோ வவுனியாவிலோ இந்த அறியாமை ஓரளவுக்குத் தாங்கும். யாழ்ப்பாணத்தின் தீவுகளான தீவகத்தில், வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும், அது தாங்காது. நல்ல பெயின்ற் வேலைக்கான செலவின் பெரும்பகுதி நிறம் பூசுவதற்கு முன்னரே முடிந்துவிடுகிறது. எத்தனை நாள் முன்வேலை வேண்டும் என்பதைத் தீவகத்தில் தீர்மானிப்பவை கறளும் உப்பும். மதிப்பீடும் அங்கேயே தொடங்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

இந்தக் கணக்கு இப்போது முன்னரைவிட முக்கியமாகிவிட்டது. 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய வண்டியின் விலை ஏறியது. இருப்பதைக் காப்பாற்றுவதே புத்திசாலித்தனம் என்றானது. யாழ் குடாநாட்டுக்கு இது புதிதல்ல. 1990 இல் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிடைக்காமல், கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை எழுப்பி மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இன்றும் வீதியில் நிற்கின்றன. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அப்பாவின் காரைப் புதுப்பித்துக் கலியாணத்துக்கு ஓட்ட ஆசைப்படுவதும் உண்டு. கேட்கப்படுவது தரமான, விரும்பிய நிறத்திலான வேலை என்றால் பணமும் சிறிய தொகையாக இராது. பிழையாகச் செலவழித்தால் இரண்டாவது வாடைக்காற்றுக் காலத்துக்குள் கதவின் கீழ்விளிம்பில் கொப்புளம் தெரியும்.

அந்தக் கொப்புளம் எப்படி வருகிறது என்று விளங்கினால்தான் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய நூற்றுக்கு 75 ஐத் தாண்டினால் தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில், முக்கியமாக இரவிலும் விடியலிலும், ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது வழமை. பண்ணைப் பாலத்திலோ வாணர் தாம்போதியிலோ ஓடும் வண்டிக்கு இரண்டு பக்கமும் கடல். தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில் தூவானம் நேராகத் தகட்டில் படியும். அப்படிப் படிந்த உப்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் தகட்டில் மிஞ்சியிருக்க, அதன்மேல் பிரைமர் அடித்தால், பெயின்ற் படலம் ஈரத்தை மெல்ல மெல்ல உள்ளே விடும். உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படலத்துக்கு அடியில் உப்புநீர்த் துளி, அதன் கீழே கறள், மேலே கொப்புளம். நிறத்துக்கு மேலே அடிக்கும் கிளியர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் இதைத் தடுக்காது. கப்பல் திருத்துமிடங்களில் பெயின்றுக்கு முன் தகட்டின் உப்பை அளந்து பார்ப்பது வழக்கமாக இருப்பது இதனால்தான். கார் கராச்சுகளில் அந்த வழக்கம் இல்லை, ஆனால் தீவகத்துக் காருக்கு அது வேண்டும். ஆர்ஓ தண்ணீரைச் சோதிக்கக் கடையில் விற்கும் சிறிய ரீடிஎஸ் (கரைந்த உப்பை அளக்கும்) மானியே போதும். பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில் 50 மில்லிலீற்றரை எடுத்து, சுத்தமான துணியில் நனைத்து, ஓர் அடிச் சதுரத் தகட்டைத் துடைத்து, அதே நீருக்குள் பிழிந்து அளந்து பாருங்கள். துடைக்காத வடிநீரின் அளவைவிட எண் தெளிவாக ஏறியிருந்தால் அந்தத் தகடு பிரைமருக்குத் தயாரில்லை.

அடுத்தது கறள். இது வண்டிக்கு வண்டி மாறும். மதிப்பீட்டைப் பிழையாக்குவதும் இதுதான். ஒஸ்ரின் ஏ40 இன் ஆரம்ப மொடல்கள் போன்ற வண்டிகளில் உடல் தனி, அதைத் தாங்கும் சட்டம் தனி. 1948 இல் வந்த மொறிஸ் மைனரில் உடலே சட்டம். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச்சட்டமும் பின் ஸ்பிரிங் மாட்டும் இடமும் அரித்துப்போனால் அழகு கெடுவதோடு நிற்காது, வண்டியின் பலமே போகும். அந்த இடங்களைப் புட்டியால் மூடிப் பளபளப்பாக நிறம் அடித்துத் தருவது கடினமில்லை. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. விலை மட்டும் பாதியாக இருக்கும். மலிவான மதிப்பீட்டுக்கும் நேர்மையான மதிப்பீட்டுக்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் இந்தப் பெட்டிச்சட்டத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. ஆகவே முதலில் ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவுகளின் அடி, மட்காட்டின் விளிம்பு, டிக்கியின் தரை, முன்கண்ணாடியின் கீழ்மூலை ஆகிய இடங்களில் நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் புட்டி தடித்திருக்கிறது. கம்பளத்தைத் தூக்கி, தளத்தகட்டைத் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். இவ்வளவுக்கும் அரை மணித்தியாலம் போதும், ஒரு சதமும் செலவில்லை.

அதன் பிறகு முழு வேலைக்கு விலை கேட்காமல் இரண்டு கட்டமாகக் கேளுங்கள். முதற்கட்டத்தில் கழற்றுவது, பழைய பெயின்றை எடுப்பது, கழுவுவது ஆகியவற்றுக்கு மட்டும் ஒரு நிலையான தொகை. தகடு வெளியே தெரிந்த பிறகு, இரண்டு பேரும் பக்கத்தில் நின்று பார்த்து, மிச்சத்துக்கு மதிப்பீடு. ஒரு மொறிஸ் மைனர் அளவான காருக்கு நாட்கூலிக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: பெயின்ற் எடுக்க 5 ஆள்நாள், டிங்கரிங்கும் ஒட்டுவேலையும் 6, எபொக்சி பிரைமரும் புட்டியும் 5, மேற்பிரைமர் அடித்துக் கட்டை வைத்துத் தேய்க்க 4, மறைத்து ஒட்டி நிறமும் கிளியரும் அடிக்க 2, வோட்டர் பேப்பர் போட்டுப் பொலிஷ் எடுக்க 3, கழற்றி மாட்ட 4. மொத்தம் 29 ஆள்நாள். அதில் நிறமும் கிளியரும் அடிக்கும் வேலை 2 நாள்தான். இந்த எண்களைச் சட்டமாக எடுக்க வேண்டாம், கைவேகம் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எது எதைவிடப் பெரியது என்பது அதிகம் மாறாது. இதில் பெரிதும் நிச்சயமில்லாத எண் ஒன்றே ஒன்று: டிங்கரிங். நல்ல வண்டியில் அது 2 நாளில் முடியும், சாட்டிக் கடற்கரை ஓரமாகப் பத்து வருடம் நின்ற வண்டியில் 20 ஆகலாம். அதாவது அதே வேலை 25 ஆள்நாளிலும் முடியலாம், 43 ஆள்நாளுக்கும் இழுபடலாம். இந்த இடைவெளியை அறியாமல் ஒரே தொகை சொல்பவர், ஒன்றில் பயத்துக்கு ஒரு பங்கு கூட்டிச் சொல்கிறார், அல்லது பின்னர் வேலையைக் குறைப்பார். இரண்டுக்கும் பணம் கொடுப்பவர் நீங்கள்தான்.

அனுபவமுள்ள பாஸ் பார்த்தாலே சொல்லிவிடுவார், இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். அனுபவம் உண்மைதான், தட்டும் சத்தத்திலேயே புட்டியின் தடிப்பை அறியும் கைகள் இருக்கின்றன. ஆனால் மூடிய பெட்டிச்சட்டத்தின் உட்புறம் சத்தத்தில் தெரியாது. நல்ல பாஸுக்கு இரண்டு கட்ட முறை பாதுகாப்பும்கூட. முழுத்தொகை பேசிவிட்டுப் பாதி வழியில் ஓட்டைகள் வெளிப்பட்டால், கையிலிருந்து போட்டு முடிப்பதா, வாடிக்கையாளரோடு சண்டை பிடிப்பதா என்ற இக்கட்டு அவருக்கு வராது. இந்த முறையை முற்றாக மறுக்கும் கராச்சில் எதை மறுக்கிறார்கள் என்று நின்று யோசிப்பது நல்லது.

இன்னொரு எதிர்ப்பு இதைவிட வலுவானது: எல்லாக் காரையும் வெறுந்தகடு வரை உரிக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். தொழிற்சாலையில் அடித்த பெயின்ற் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தால் அதைவிடச் சிறந்த அடித்தளம் எந்தக் கராச்சிலும் கிடைக்காது. அதை உரிப்பது காசைக் கொட்டுவது மட்டுமல்ல, தகட்டைத் தேவையில்லாமல் உப்புக்காற்றுக்குத் திறந்துவிடுவதும்தான். அலகு ஒன்றால் 2 மில்லிமீற்றர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, ஒட்டுரேப்பை அழுத்தி வெடுக்கென்று இழுங்கள். சதுரங்கள் பெயராவிட்டால் பிடிப்பு நல்லது. பிறகு தின்னரில் நனைத்த துணியை இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். பெயின்ற் இளகினால் அல்லது சுருங்கினால் அது பழைய எனாமலோ லாக்கரோதான். கிடைத்த வீட்டுப் பெயின்றைத் தூரிகையால் பூசிய பழைய வண்டிகளில் இதைக் காணலாம். அதன்மேல் ஹார்ட்னர் கலந்து இறுகவைக்கும் 2கே பெயின்ற் அடித்தால் தோல்போலச் சுருங்கும், ஆகவே அது முழுதாக வெளியேற வேண்டும். அறுபதுகளின் பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது. சோதித்துப் பார்த்து, பிடிப்புள்ள பகுதியை வைத்து, கெட்ட பகுதியை மட்டும் எடுத்தால் முதற்கட்ட ஆள்நாளில் பாதி மிஞ்சலாம்.

பிரைமர் வரிசையில்தான் மலிவு வேலையும் தரமான வேலையும் பிரிகின்றன. அது மதிப்பீட்டுத் தாளில் எழுதப்பட்டிருக்கவும் வேண்டும். கார்ப் புட்டியில் உள்ள தூள் ஈரத்தை உறிஞ்சும். வெறுந்தகட்டில் நேரே புட்டி வைத்தால் ஈரம் நேரே தகட்டுக்குப் போகும். முதலில் எபொக்சி, அதன்மேல் புட்டி, பிறகு மறுபடி பிரைமர் என்ற வரிசை ஒரு நாளையும் ஒன்றிரண்டு லீற்றரையும் கூட்டும், ஆனால் வேலையின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான். கறள் மாற்றி என்று விற்கும் அமிலத்தைப் பூசி, கழுவாமல் விட்டு, அதன்மேல் எபொக்சி அடிப்பதும் அடிக்கடி நடக்கும் பிழை; மிஞ்சிய அமிலம் எபொக்சியை ஒழுங்காக இறுக விடாது. பெட்டிச்சட்டத்துக்குள் பழைய எஞ்சின் ஒயிலை ஊற்றுபவர்கள் அதைப் பெயின்றுக்கு முன் செய்தால், ஒயில் ஒழுகிய இடமெல்லாம் நிறம் மீன்கண்ணாக விலகி நிற்கும். உட்குழிகளுக்கு மெழுகு அடிப்பது எல்லாம் முடிந்த பிறகு செய்ய வேண்டிய தனி வேலை. அதற்குத் தனிப்பணம் ஒதுக்குங்கள்.

பெயின்றின் அளவை நீங்களே கணக்கிடலாம். உலர்ந்த பிறகு மிஞ்சும் திண்மப் பங்கை நூற்றுக்கு இத்தனை என எடுத்து, 10 ஆல் பெருக்கி, வேண்டிய தடிப்பின் மைக்ரோனால் வகுத்தால், ஒரு லீற்றர் எத்தனை சதுர மீற்றரை மூடும் என்பது வரும். கலந்த கிளியரில் திண்மம் 45, தடிப்பு 50 மைக்ரோன் என்றால் 9 சதுர மீற்றர். ஆனால் பழைய வகை ஸ்பிரே கன்னில் பெயின்றின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். பத்தில் நான்கு பங்கு காரில் ஒட்டினாலே நல்ல கை. ஆகவே உண்மையில் 3.6 சதுர மீற்றர்தான். சிறிய காரின் வெளிப்புறம் ஏறக்குறைய 10 சதுர மீற்றர், கதவின் உள்விளிம்பும் பொனற்றின் அடியும் சேர்ந்தால் 14. ஆக, ஹார்ட்னர் கலந்த கிளியர் ஏறக்குறைய 4 லீற்றர். இதே முறையில் நிறத்துக்கும் பிரைமருக்கும் கணக்கிட்டு வைத்துக்கொண்டால், இரண்டு மடங்கு லீற்றர் எழுதியிருக்கும் பட்டியலையும், பாதி லீற்றரில் முடிப்பேன் என்று சொல்லும் பட்டியலையும் ஒரே பார்வையில் அடையாளம் காணலாம். இரண்டாவதுதான் ஆபத்தானது. மெல்லிய கிளியர் பொலிஷ் எடுக்கும்போதே விளிம்புகளில் தேய்ந்துவிடும்.

இனி நிறம். மொறிஸ் மைனரின் அல்மண்ட் கிரீன் போன்ற பழைய நிறங்களுக்குக் குறியீடு உண்டு, அதற்கு ஜீஎன்37. குறியீடு தெரிந்தால் கலக்கும் கடையில் மாதிரி தேடும் நேரம் மிஞ்சும். ஒற்றை நிறம், மெற்றலிக், பேர்ல், கண்டி (candy) என்று போகப்போக அடுக்குகள் கூடும். பேர்லுக்கு அடி நிறத்தின்மேல் இன்னோர் அடுக்கு வேண்டும். ஆள்நாளில் ஒன்றோ இரண்டோ கூடும். பலர் பயப்படுவது இந்தக் கூடுதலுக்குத்தான், 29 ஆள்நாள் வேலையில் அது பெரிதல்ல. உண்மையான செலவு பின்னால் வருகிறது. ஒரு கதவு உரசுப்பட்டால் ஒற்றை நிறத்தில் அந்தக் கதவை மட்டும் அடிக்கலாம். பேர்லில் பக்கத்து மட்காட் வரை நிறத்தைக் கரைத்துப் பரப்ப வேண்டும், கண்டியில் அதுவும் பெரும்பாலும் பொருந்தாது. ஓட்டோவும் லான்ட்மாஸ்டரும் உரசிக்கொண்டு போகும் ஒடுங்கிய வீதிகளில் ஓடும் வண்டிக்கு ஒற்றை நிறத்தையே பரிந்துரைப்பேன். எந்த நிறமானாலும் முழுக் காருக்கும் ஒரே தடவையில் கலக்க வைத்து, கால் லீற்றரை மூடி வைத்துக்கொள்ளுங்கள். நிறமே மாறுகிறது என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். அந்த அலைச்சலும் கட்டணமும் மதிப்பீட்டில் சேரும்.

கராச் தீவிலேயே இருந்தால் நகரத்துப் பட்டியலில் இல்லாத சில வரிகள் வரும். முதலாவது தண்ணீர். உப்புச் சுவையுள்ள கிணற்றுத் தண்ணீரால் கழுவிய தகட்டில் கழுவியதே உப்பாகப் படியும். மூன்று நான்கு முழுக்கழுவலுக்கும் வோட்டர் பேப்பர் வேலைக்கும் 500 லீற்றர் அளவில் நல்ல தண்ணீர் ஒதுக்க வேண்டும், கடைசித் துடைப்புக்கு வடிநீர். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் அவ்வளவு நல்ல தண்ணீருக்கே ஒரு விலை இருக்கிறது. இரண்டாவது காலம். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழை, வைகாசி தொடக்கம் சோழகத்தின் மணலும் தூவானமும். திறந்த கொட்டிலில் அடிப்பதற்குத் தை பிற்பகுதி முதல் சித்திரை வரைதான் நம்பத்தகுந்த இடைவெளி. அந்த மாதங்களிலும், பனியின் ஈரம் தகட்டில் படியாதபடி, வெயில் ஏறித் தகடு சூடான பிறகுதான் தொடங்க வேண்டும். மூன்றாவது மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தேசிய மின்வலையில் இல்லாத தீவுகள். பெரிய கொம்பிரசரை நாள் முழுதும் ஓட்டும் வேலைக்கு அங்கே ஜெனரேற்றர் எரிபொருளையும் சேர்த்தே எழுதுங்கள்.

அப்படியானால் கொழும்புக்கே அனுப்பிவிடலாமே? அடைத்த அறையும் சூடாக்கும் வசதியும் உள்ள இடத்தில் தூசி குறையும், பளபளப்பு கூடும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் நம் வெயிலில் 2கே பெயின்ற் சூட்டறை இல்லாமலே இறுகும். அறை வாங்கித் தருவது நேரத்தையும் தூசியின்மையையும். தூசியைப் பொலிஷ் எடுக்கும்போது ஓரளவு நீக்கலாம், அடியில் விட்ட உப்பை நீக்க வழியில்லை. ஏறக்குறைய 400 கிலோமீற்றருக்கு அப்பால் வேலை நடந்தால், தகடு திறந்திருக்கும் அந்த ஒரு நாளில் நீங்கள் அங்கே நிற்கப் போவதில்லை. நடுவழி ஒன்று இருக்கிறது: தகட்டு வேலையும் எபொக்சியும் கண்முன்னே ஊரில் நடக்கட்டும், கடைசி அடுக்குகளை மட்டும் யாழ்ப்பாணத்தில் அடைத்த அறை உள்ள கராச்சில் அடிக்கலாம். இடையில் பாலத்தைக் கடக்கும்போது வண்டியை மூடிக் கொண்டுபோய், அங்கே மறுபடி கழுவ வேண்டும். அதற்கு ஒரு நாளைக் கூட்டுங்கள்.

பெயின்ற் அடிப்பவரின் நெஞ்சுக்கும் ஒரு வரி வேண்டும். 2கே ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற்றுகள் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியவை. மூக்கில் கட்டும் துணியோ தூசி முகமூடியோ அவற்றை நிறுத்தாது. வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாயால் கொடுக்கும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. அது இல்லாத கராச்சின் விலை குறைவாக இருப்பதில் வியப்பில்லை, அந்த மிச்சத்தை அவருடைய நுரையீரல் கட்டுகிறது. வீட்டு வளவில் அடிப்பதென்றால் பிள்ளைகளும் அயலவர்களும் அன்று அந்தப் பக்கம் வரக் கூடாது.

வண்டியின் விலையைவிடப் பெயின்றின் செலவு கூடிவிடும், இது ஆடம்பரம் என்பவர்களுக்கு எல்லா இடத்துக்கும் ஒரே பதில் இல்லை. நெடுந்தீவிலேயே கிடந்து ஓடப்போகும் வண்டிக்குத் தரமான விருப்பநிறம் வேண்டாம் என்றே சொல்வேன். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலக் கடல், வண்டியை ஏற்றி இறக்கும் செலவு, கல்லும் சுண்ணாம்புத் தூளுமான வீதி. அங்கே அடிப்பக்கத்துக்கு மெழுகும், தகட்டுக்கு எபொக்சியும், மேலே சாதாரண எனாமலும் போட்டு, சில வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதே கெட்டிக்காரத்தனம். வேலணையிலோ புங்குடுதீவிலோ வாடகைக்கு ஓடும் காருக்கும், குடும்பத்தில் இன்னும் இருபது வருடம் நிற்கவேண்டிய மொறிஸுக்கும் கணக்கு வேறு. அங்கே பெயின்றை வண்டியின் சந்தை விலையோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. உப்பு தின்ற தகட்டை மறுபடி வெட்டி ஒட்டும் அடுத்த செலவோடுதான் ஒப்பிட வேண்டும்.

கடைசியாகப் பணம் கைமாறும் விதம். பெயின்ற், கிளியர், ஹார்ட்னர் எல்லாம் டொலரோடு ஏறி இறங்கும் பொருட்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர் சில வாரங்களில் 350 ஐத் தாண்டியபோது, அதற்கு முன்னர் பேசிய பொருள்விலைகள் எல்லாம் பொருளற்றுப்போயின. ஆகவே மதிப்பீட்டில் கூலியும் பொருளும் தனித்தனியாக இருக்கட்டும். பொருளுக்கு எத்தனை நாளுக்கு இந்த விலை என்பதும் எழுதப்படட்டும். பொருளை நீங்களே வாங்கிக் கொடுத்தால் பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கும், ஆனால் கிளியரும் ஹார்ட்னரும் ஒரே கம்பனியின் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். ஹார்ட்னர் திறந்தால் ஈரம் பட்டுக் கெடும் என்பதால் அடிக்கும் வாரத்தில்தான் அதை வாங்க வேண்டும். முதற்கட்டத்துக்கு ஒரு தொகை, எபொக்சி முடிந்ததும் ஒரு தொகை, வண்டி வெளியே வரும்போது ஒரு தொகை என்று பிரித்து, பத்தில் ஒரு பங்கை அடுத்த மாரி முடியும் வரை நிறுத்திவைப்பதாக எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பங்கைக் கொடுக்கும் முன் கதவுகளின் அடிவிளிம்பையும் நீர்வடியும் துளைகளையும் முன்கண்ணாடி ரப்பரின் மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள். கொப்புளம் முதலில் எழும்புவது அந்த இடங்களில்தான்.